வளாகங்களின் கதை – 9: வெளியே போக விட்டவர்கள்

நிலத்தை விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கைக்கு வந்த சொத்தைக் குத்தகைக்கு விட்டு, 1951-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரு தொழிற்பூங்காவை உருவாக்கிய கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அதன் பிறகு உலகம் முழுவதும் அதைப் போல ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்ற ஆசை பரவியது. மதில் எழும்பியது, சாலை போட்டார்கள், வரிச்சலுகை அறிவித்தார்கள், அமைச்சர் வந்து நாடா வெட்டினார். அப்படி எழுந்தவற்றில் பல, நல்ல கட்டடங்கள் என்ற அளவிலேயே நின்றுவிட்டன. தைவானின் சின்ச்சு அப்படி நின்றுவிடவில்லை. காரணம் அதன் மதிலுக்குள் இல்லை என்பது என் எண்ணம். பூங்கா திறந்த 1980-இலிருந்து சில ஆண்டுகள் பின்னால் போனால்தான் அது புலப்படும்.

1970-களின் தொடக்கத்தில் தைவான் திக்கற்று நின்றது. 1971-இல் ஐ.நா. சபையில் அதன் இடம் பெய்ஜிங்குக்குப் போனது. 1973-இல் எண்ணெய் விலை எகிறியது. துணி, பொம்மை, வெளிநாட்டு நிறுவனங்களுக்காகப் பூட்டித் தரும் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டி என்று மலிவான கைகளை நம்பியே அந்தத் தீவின் ஏற்றுமதி ஓடிக்கொண்டிருந்தது. கூலி கொஞ்சம் உயர்ந்தால் அந்த ஆலைகள் வேறு நாட்டுக்கு நகர்ந்துவிடும் என்பது அரசில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அப்போது பொருளாதார அமைச்சராக இருந்தவர் சுன் யுன்-சுவான். அவர் மின்பொறியாளர். தைவான் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். 1960-களில் நைஜீரியாவுக்குப் போய், அந்நாட்டு மின்சாரக் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் மூன்றாண்டு இருந்துவிட்டு வந்தவர். தென்கொரியாவுக்குச் சென்றபோது அங்கே அரசு நடத்திய அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தைப் பார்த்தார். வெளிநாட்டில் படித்த கொரியர்களை அரசு ஊழியர் சம்பள விகிதத்துக்குக் கட்டுப்படாத ஊதியம் கொடுத்து அங்கே திரும்ப அழைத்து வந்திருந்தார்கள். ஊர் திரும்பிய சுன், அமைச்சகத்தின் கீழ் இருந்த மூன்று பழைய ஆய்வுக்கூடங்களை ஒன்றாக்கி, அரசுப் பணியின் விதிகளுக்கு வெளியே நிற்கும் ஓர் அறக்கட்டளையாக அமைக்க விரும்பினார். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அரசின் சொத்தை அறக்கட்டளை என்ற பெயரில் தூக்கிக் கொடுப்பதா, ஆய்வாளர்களுக்கு மட்டும் ஏன் தனிச் சம்பளம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் மசோதா நிறைவேறியது. 1973-இல் சின்ச்சுவில் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. இந்த அத்தியாயத்தின் உண்மையான நாயகன் இந்த நிலையம்தான். இனி அதை வெறுமனே ‘நிலையம்’ என்றே சொல்கிறேன்.

நிலையம் வந்துவிட்டது, அது என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. 1974 பிப்ரவரி 7 அன்று காலை, தைபே நகரின் நான்யாங் தெருவில் சோயாப்பால் விற்கும் ஒரு சிறிய கடையில் ஏழு பேர் கூடினார்கள். சுன், போக்குவரத்து அமைச்சர், அமைச்சரவைத் தலைமைச் செயலர், தொலைத்தொடர்புத் துறையின் தலைவர், அதன் ஆய்வுக்கூடத் தலைவர், நிலையத்தின் தலைவர். ஏழாவது ஆள் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். பெயர் பான் வென்-யுவான். நியூஜெர்சியில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு பணிபுரிந்த பொறியாளர்.

தைவான் எந்தத் தொழில்நுட்பத்தைப் பிடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, ஒருங்கிணைந்த மின்சுற்று, அதாவது சிப், என்றார் பான். எவ்வளவு காலம் ஆகும் என்று சுன் கேட்டார். நான்கு ஆண்டு. எவ்வளவு செலவாகும்? ஒரு கோடி டாலர். சரி, செய்வோம் என்று முடிவாயிற்று. தைவானில் இந்தக் காலைச் சிற்றுண்டி இன்று ஒரு தலபுராணத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டது. தலபுராணங்களுக்கு உரிய மெருகு அதில் ஏறியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றில் மெருகு ஏதும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு ஜூலையில் பான் மீண்டும் தைபே வந்து கிராண்ட் ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கி, திட்ட வரைவை எழுதி முடித்தார். அமெரிக்காவில் இருந்த சீன வம்சாவளிப் பொறியாளர்களைச் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார். தான் வேலை பார்க்கும் நிறுவனத்தோடு தைவான் பேரம் பேச வேண்டி வரலாம் என்பதால் ஆர்.சி.ஏ.யிலிருந்து முன்கூட்டியே ஓய்வும் பெற்றுக்கொண்டார். இந்த வேலைக்காகத் தைவானிடம் அவர் சம்பளம் வாங்கவில்லை.

எதை வாங்குவது என்பதில் அவர்கள் எடுத்த முடிவு கூர்மையானது. அன்றைய சந்தையில் செல்வாக்கோடு இருந்த வகைகளை விட்டுவிட்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சீமாஸ் வகையைத் தேர்ந்தார்கள். அப்போது அது வேகம் குறைந்தது, கைக்கடிகாரத்துக்கும் கணக்குப்பொறிக்கும் லாயக்கு என்று பேர் வாங்கியிருந்தது. அதில் முன்னோடி ஆர்.சி.ஏ. அந்த நிறுவனத்துக்கோ சிப் தொழிலில் ஆர்வம் வடிந்துகொண்டிருந்தது. விற்கத் தயாராக இருந்தவரிடம், பின்னாளில் உலகம் முழுதும் ஆளப்போகும் சரக்கை வாங்கினார்கள். 1976 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏழு மைக்ரான் தொழில்நுட்பம், கூடவே பயிற்சி.

ஏப்ரலில் முதல் அணியாக 19 இளம் பொறியாளர்கள் அமெரிக்கா புறப்பட்டார்கள். வடிவமைப்பு கற்கச் சிலர் நியூஜெர்சிக்கு, தயாரிப்பு கற்கச் சிலர் ஒஹையோவுக்கு, இன்னும் சிலர் ஃபுளோரிடாவுக்கு. பெரும்பாலோர் முப்பதைத் தொடாதவர்கள். பின்னாளில் மீடியாடெக் நிறுவனத்தைத் தொடங்கப்போகும் சாய் மிங்-காய் அந்தப் பயணிகளில் ஒருவர். ஊரில் இருந்து மொத்தத் திட்டத்தையும் கட்டி மேய்த்தவர் சியாவோ துங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹூ திங்-ஹுவா. அவருக்கும் வயது முப்பதுகளின் தொடக்கம்தான்.

1977 அக்டோபரில் நிலையத்தின் மாதிரி ஆலை திறந்தது. ஒவ்வொரு சிலிக்கன் தட்டிலும் பழுதில்லாமல் தேறும் சிப்களின் விகிதம்தான் இந்தத் தொழிலின் உயிர். அதில் மாணவன் சில மாதங்களிலேயே ஆசானை மிஞ்சிவிட்டான். ஆர்.சி.ஏ. தன் சொந்த ஆலையில் எட்டாத விகிதத்தைச் சின்ச்சு எட்டியது. முதலில் வந்தவை கைக்கடிகாரச் சிப்கள். தைவான் மின்னணுக் கடிகார ஏற்றுமதியில் முன்வரிசைக்குப் போனது.

ஆர்.சி.ஏ.யை இந்தக் கதையின் வள்ளலாக மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதே நிறுவனம் 1970 முதல் தாவ்யுவானில் தொலைக்காட்சி உதிரிபாக ஆலை ஒன்றை நடத்திவந்தது. அங்கே பயன்பட்ட கரைப்பான்கள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்தது, ஆலை மூடிய பிறகு 1990-களில் வெளியே வந்தது. புற்றுநோயால் பாதிக்கப்பட்ட முன்னாள் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், 2004-இல் வழக்குத் தொடுத்து நீண்ட காலம் போராடி இழப்பீட்டுத் தீர்ப்பு பெற்றார்கள். 19 பொறியாளர்களின் புகைப்படம் தைவானின் தொழில் வரலாற்றை எழுதுகிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. தாவ்யுவான் பெண்களைத் தேடித்தான் போக வேண்டும்.

இனி பூங்காவுக்கு வருவோம். அதன் தந்தை என்று சொல்லத் தக்கவர் ஷூ ஷியென்-சியூ. கணித அறிஞர், அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர், 1970-இல் திரும்பி வந்து சிங் ஹுவா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பிறகு தேசிய அறிவியல் மன்றத்தின் தலைவர். அவருடைய கவலை சிப் அல்ல, ஆட்கள். ஆண்டுதோறும் தைவானின் சிறந்த பட்டதாரிகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களைத் திரும்ப வரச் சொல்வதானால் எங்கே வரச் சொல்வது? செய்யத் தக்க வேலை ஊரில் வேண்டுமே.

இடம் சின்ச்சுவானது தற்செயல் இல்லை. தைபேக்குத் தென்மேற்கே கடற்கரையோரம் இருக்கும் இந்த ஊர் காற்றுக்குப் பேர்போனது. இலையுதிர் காலத்தில் வீசும் வறண்ட காற்றில் அரிசிச் சேமியாவை உலர்த்தி விற்பதுதான் அதன் பழைய தொழில். பெருநிலத்தில் வேர் கொண்ட சிங் ஹுவாவும் சியாவோ துங்கும் 1950-களில் இங்கேதான் புதிதாகக் காலூன்றின. நிலையமும் இங்கேயே இருந்தது. மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருக்க, பக்கத்து மேட்டு நிலத்தைப் பூங்காவுக்கென்று எடுத்தார்கள். 1979 ஜூலையில் சட்டம் வந்தது. நிலம் அரசுக்கே சொந்தம், நிறுவனங்களுக்குக் குத்தகை மட்டும். ஐந்தாண்டு வரிவிலக்கு, இறக்குமதி இயந்திரங்களுக்குச் சுங்கவரி இல்லை. பூங்காவின் முதல் இயக்குநராக, ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ஹோ யீ-ட்சுவை அழைத்து வந்தார்கள்.

1978 டிசம்பர் நடுவில், தைவானுடன் தூதரக உறவை முறித்துப் பெய்ஜிங்கை அங்கீகரிக்கப் போவதாக அமெரிக்கா அறிவித்தது. அதிர்ச்சி அடங்கச் சில காலம் ஆனது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1980 டிசம்பர் 15 அன்று, சின்ச்சு பூங்கா திறந்தது.

திறந்தவுடன் கூட்டம் அலைமோதவில்லை. தனியார் முதலாளிகள் எட்டி நின்று பார்த்தார்கள். ஸ்டான் ஷீ நடத்திவந்த மல்டிடெக், பின்னாளில் ஏசர் என்று பெயர் மாறிய அதே நிறுவனம், 1981-இல் இங்கே வந்தது. நுண்செயலியைக் கற்றுக்கொள்ள உதவும் ‘மைக்ரோ-புரொஃபசர்’ என்ற சிறு பயிற்சிக் கணினியைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பியது. திரும்பி வர நினைத்த குடும்பங்களுக்கு வேறொரு தடை இருந்தது. சம்பளத்தைக் கூட ஏற்றுக்கொள்ளலாம், கலிஃபோர்னியாவில் பிறந்து ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? 1983-இல் பூங்காவுக்குள்ளேயே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதில் இருமொழிப் பிரிவு ஒன்று, திரும்பி வருபவர்களின் பிள்ளைகளுக்காகவே. வீடுகள் கட்டினார்கள், ஏரிக்கரையைச் சீராக்கினார்கள். பூங்காக்கள் பற்றிய அறிக்கைகளில் வரிச்சலுகைக்குப் பல பக்கம் ஒதுக்குவார்கள், பள்ளிக்கு ஒரு வரி கூட இருக்காது. இடம் பெயரும் குடும்பங்களில் முடிவெடுப்பவர் யார் என்பது அறிக்கை எழுதுபவர்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் நிலமும் பள்ளியும் சேர்ந்துகூடச் சின்ச்சுவை உண்டாக்கியிருக்காது. நிலையம் செய்த ஒரு காரியம்தான் உண்டாக்கியது. அரசுப் பணத்தில் பயிற்சி பெற்ற ஆட்களை, அரசுப் பணத்தில் வாங்கிய தொழில்நுட்பத்தோடு, வெளியே போக விட்டது.

முதல் முறை 1980-இல். மாதிரி ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரச் சிப் விற்று நிலையமே லாபம் பார்த்திருக்கலாம். அதற்கு மாறாக, யு.எம்.சி. என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தனியார் தயங்கியதால் அரசு சார்ந்த அமைப்புகளே முதலில் பங்கு எடுத்தன. நிலையத்தின் பொறியாளர்கள் பலர் வேலையை விட்டுவிட்டு அங்கே போனார்கள். ராபர்ட் சாவ் அப்படிப் போனவர். விரைவிலேயே யு.எம்.சி.யின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தொலைபேசிச் சிப்கள் நன்றாக விற்றன. நிறுவனம் பிழைத்துக்கொண்டது.

இரண்டாம் முறை நடந்தது உலகத் தொழிலையே புரட்டிப்போட்டது. 1985-இல் நிலையத்தின் தலைவராக மோரிஸ் சாங் வந்தார். நிங்போவில் பிறந்து, எம்.ஐ.டி.யில் படித்து, டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் 25 ஆண்டு பணியாற்றி, அதன் சிப் பிரிவையே நடத்தியவர். வயது 54. வந்த சில வாரங்களிலேயே அவரை அழைத்துச் சிப் நிறுவனம் ஒன்று தொடங்க வேண்டும் என்று கேட்டவர் லீ குவோ-திங். இளமையில் கேம்பிரிட்ஜில் ரதர்ஃபோர்டின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்து, போர் வந்ததால் பாதியில் தாய்நாடு திரும்பியவர். அந்நாளைய தைவான் பொருளாதாரத்தின் பெரியவர்.

சாங் யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. தைவானுக்கு எது இல்லை என்று முதலில் கணக்கெடுத்தார். வடிவமைப்பில் பலமில்லை, காப்புரிமைகள் இல்லை, சந்தைப்படுத்தும் திறனில்லை. மாதிரி ஆலையின் அனுபவத்தால் தயாரிப்பில் மட்டும் கொஞ்சம் வலு இருந்தது. அப்படியானால் தயாரிப்பை மட்டும் செய்வோம், சொந்தமாக ஒரு சிப்பும் வேண்டாம், பிறர் வரைந்ததைச் செய்து கொடுப்போம். அவர் முன்பு நியூயார்க்கில் இருந்தபோது கார்டன் கேம்பல் என்பவர் புதிய நிறுவனத்துக்கு 5 கோடி டாலர் கேட்டு வந்திருந்தார். சில வாரம் கழித்து, அவ்வளவு தேவையில்லை, தயாரிப்பை வெளியே கொடுத்துவிடுகிறேன், 50 லட்சம் போதும் என்று சொல்லிவிட்டார். ஆலை இல்லாத சிப் நிறுவனங்கள் வரப்போகின்றன என்ற குறிப்பு சாங்குக்கு அங்கேயே கிடைத்திருந்தது.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் வழக்கு இன்றுவரை தீரவில்லை. 1984-இலேயே தான் இதை எழுதிச் சாங்குக்கு அனுப்பியதாக ராபர்ட் சாவ் சொல்லிவந்தார், சாங் மறுத்துவந்தார். நிலையத் தலைவர் என்ற முறையில் யு.எம்.சி.யின் தலைவராகவும் இருந்த சாங்கை 1991-இல் அந்த நாற்காலியிலிருந்து இறக்கிய பிறகுதான் சாவ் ஓய்ந்தார். ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய இரு நிறுவனங்களின் இந்தப் பகை தைவானுக்கு நன்மையே செய்தது என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று தூங்கவிடவில்லை.

பிறர் வரைந்ததைச் செய்து மட்டும் கொடுக்கும் அந்த நிறுவனம், டி.எஸ்.எம்.சி., 1987-இல் தொடங்கியது. இன்டெலும் டெக்சஸும் பங்கெடுக்க மறுத்துவிட்டன. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக எடுத்தது. ஏறத்தாழப் பாதி அரசின் வளர்ச்சி நிதியிலிருந்து வந்தது. மீதியை உள்ளூர் முதலாளிகளிடம் கேட்டு, கெஞ்சி, மேலிடத்து நெருக்கடியும் கொடுத்துத் திரட்டினார்கள். பிளாஸ்டிக் தொழிலின் சக்கரவர்த்தியான வாங் யுங்-சிங் மனமில்லாமல் பணம் போட்டார், சில ஆண்டுகளில் பங்கை விற்றும்விட்டார். அவருடைய வாரிசுகள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

நிலையம் என்ன கொடுத்தது என்று பாருங்கள். மிகப் பெரிய அளவில் மின்சுற்றுகளை ஒரே சிப்பில் ஒருங்கிணைக்கும் திட்டத்துக்காகப் புதிதாகக் கட்டியிருந்த ஆறங்குலத் தட்டு ஆலையை டி.எஸ்.எம்.சி.க்கு வாடகைக்கு விட்டது. அந்த ஆலையை நடத்திக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் அப்படியே புதிய நிறுவனத்தின் ஊழியரானார்கள். தனிக்குடித்தனம் போகும் பிள்ளைக்கு அம்மா சமையலறையையே கழற்றிக் கொடுத்தனுப்பியது போல. ஆராய்ச்சி நிலையங்களை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அரிது என்று தெரியும். கருவியைப் பூட்டி வைத்துக்கொள்வதும், ஆட்களை ஒப்பந்தத்தால் கட்டிப்போடுவதும், காப்புரிமை வருவாயை எண்ணிக்கொண்டிருப்பதும்தான் அவற்றின் இயல்பு. ஊருக்கு ஊர் ‘தொழில் வளர்காப்பகம்’ என்று பலகை மாட்டியிருக்கும் இன்றும் அந்த இயல்பு பெரிதாக மாறிவிடவில்லை.

இந்தியாவும் இதே காலத்தில் இதே பாதையில் கால் வைத்தது. அமெரிக்க நிறுவனமொன்றிடம் ஐந்து மைக்ரான் தொழில்நுட்பம் பெற்று, மொகாலியில் அரசின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் ஆலை தீக்கிரையானது. மீண்டு வரப் பல ஆண்டு பிடித்தது, அதற்குள் தொழில் எங்கோ போய்விட்டது. தீதான் காரணம் என்று சொல்வது வழக்கம். தீ பெரிய காரணம்தான். ஆனால் மொகாலியிலிருந்து ஆட்கள் கிளம்பிப் பக்கத்தில் இன்னொரு நிறுவனம் தொடங்க வழியே இருந்ததில்லை. ஒரே ஆலை எரிந்தால் எல்லாம் எரிந்தது என்ற நிலையில் அது இருந்தது.

சின்ச்சுவில் அப்படி இல்லை. செய்து கொடுக்க ஆள் இருக்கிறார் என்றானதும், வரைந்து மட்டும் பிழைக்கும் சிறு நிறுவனங்கள் முளைத்தன. நாலைந்து பொறியாளர்களும் கொஞ்சம் பணமும் இருந்தால் சிப் நிறுவனம் தொடங்கலாம் என்ற நிலை வந்தது. கொஞ்சம் பணத்துக்கும் லீ குவோ-திங் ஏற்பாடு செய்திருந்தார். சிலிக்கன் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வந்து, துணிகர முதலீட்டுக்கென 1983-இல் விதிகள் கொண்டுவரச் செய்தார். பணம் போடுபவருக்கு வருமான வரியில் 20 சதவீதக் கழிவு. குடும்பத் தொழிலைத் தவிர வேறெதிலும் காசைப் போட்டறியாத தைவான் முதலாளிகளை வெளியே இழுத்தது அந்தக் கழிவுதான். 1990-களில் அமெரிக்காவிலிருந்து பொறியாளர்கள் கூட்டமாகத் திரும்பினார்கள். சிலர் குடும்பத்தைக் கலிஃபோர்னியாவில் விட்டுவிட்டு மாதாமாதம் பசிபிக்கைக் கடந்தார்கள். 1997-இல் யு.எம்.சி.யிலிருந்து மீடியாடெக் பிரிந்தது. வெளியே போக விடும் பழக்கம் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பூங்காவில் ஏறக்குறைய 290 நிறுவனங்கள், ஒரு லட்சம் பேர் வேலையில்.

1999 செப்டம்பர் 21 நள்ளிரவு கடந்து நிலநடுக்கம் வந்தது. மையம் தொலைவில், தீவின் நடுவில். ஆனால் மின்தடத்தின் முக்கியக் கண்ணி அறுந்துபோக, பூங்காவின் ஆலைகள் இருண்டன. உலகச் சந்தையில் நினைவகச் சிப்களின் விலை துள்ளியது. சின்ச்சு என்ற பெயரை அதுவரை கேட்டறியாத நிதிச் சந்தைக்காரர்கள் அன்று நிலப்படத்தை எடுத்துப் பார்த்தார்கள்.

ஊர்க்காரர்களுக்கு இந்தப் பூங்காவால் வந்தது வருமானம் மட்டும் இல்லை. வீட்டு விலை ஏறியது. தட்டுகளைக் கழுவ ஆலைகளுக்குத் தண்ணீர் தீராமல் தேவைப்பட்டது. 2021-இல் கடும் வறட்சி வந்தபோது ஆலைகள் லாரித் தண்ணீரைத் தருவித்தன. நெல்வயல்களுக்குப் பாசனம் நிறுத்தப்பட்டு உழவர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. இழப்பீடு நிலச் சொந்தக்காரருக்கு உதவும். நாற்று வளர்ப்பவர், உழவு இயந்திரம் ஓட்டுபவர், கூலியாள் ஆகியோருக்கு அது எட்டுவது கடினம்.

சின்ச்சு திறப்பு விழாவுக்கு ஏழு வாரம் முன்பு, 1980 அக்டோபர் 23 அன்று, நீரிணைக்கு அப்பால் பெய்ஜிங்கில் வேறொன்று நடந்தது. அமெரிக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்த சென் சுன்ஷியென் என்ற அணு இணைவு ஆய்வாளர், அறிவியல் அகாதமியின் சக ஊழியர்களைக் கூட்டி அங்கே கண்டதைச் சொன்னார். பிறகு ஜொங்குவான்சுன் பகுதியில் ஒரு கிடங்கறையில் தொழில்நுட்பச் சேவை மையம் ஒன்றைத் தொடங்கினார். அவருக்கு நிலமோ வரிச்சலுகையோ கிடைக்கவில்லை, விசாரணைதான் கிடைத்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.